ரொட்டி ஆண்பாலாம்

இருபத்தாறு வருஷமாகத் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன். என் தம்பிக்கு ஒரு சான்றிதழ் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று வந்தபோது நான் தபாலை நம்பவில்லை. கைப்பையில் வைத்து, விமானம் ஏறி, பிரான்சுக்கே எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தம்பி பெயர் ஏழுமலை. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரின் மீனவர் குப்பமான குருசுக்குப்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட அப்பாவின் படகில் உட்கார்ந்தது அதிகம். பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண் மர்லேனைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கம் போனான். அங்கே மூன்று வருஷம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினான். "ஜன்னலே இல்லக்கா, மழ பேயுதா வெயிலடிக்குதான்னே தெரியல" என்று போனில் சொல்வான். அப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

மர்லேன் நர்ஸ். போன வருஷம் பிரான்சின் மேற்குக் கரையில், ப்ரெத்தாஞ் பகுதியில், ஒரு தீவில் அவளுக்கு வேலை கிடைத்தது. இவனும் கூடப் போனான். அந்தத் தீவில் முசியே எர்வே (முசியே என்றால் ஐயா) என்ற படகுக்காரர், "மூன்று மாதம் பார்க்கிறேன், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி இவனைச் சேர்த்துக்கொண்டார். அங்கே ஆள் தேவைப்படும் படகு அது ஒன்றுதான். சரிப்படவில்லை என்றால் தம்பி திரும்பவும் கிடங்குக்கு, மர்லேன் தீவில், மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி. சரிப்பட்டால் படகில் பெயர் பதிய, புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும். "நீயே எடுத்துக்கினு வாக்கா. வந்து பாத்த மாதிரியும் ஆச்சு" என்றான். நான் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. மூன்று மாதம் முடிவது அந்த வெள்ளிக்கிழமை.

தீவின் பெயரை எழுத மாட்டேன். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் அது. தம்பி அங்கே பிழைக்க வேண்டும்.

கரையிலிருந்து தீவுக்கு ஒரு மணி நேரக் கப்பல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐம்பத்து மூன்று வயதில் நான் கடல்மேல் போவது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கம் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கரையில் நிற்போம். கூடையில் விழுந்த பிறகுதான் மீன் எங்கள் கைக்கு வரும். அம்மா நாற்பது வருஷம் மீன் விற்றாள், ஒரு நாள் கூடப் படகில் கால் வைத்ததில்லை.

முதல் பத்து நிமிஷம் ராணி மாதிரி நின்றேன். அப்புறம் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, ஒரு பையை நீட்டி, என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாயும் என்னை ரொம்ப அனுதாபமாகப் பார்த்தது. இறங்கியபோது நான் வந்திருந்தேன், என் பெட்டி வரவில்லை. சாமான்களைத் தீவு வாரியாகப் பிரித்துக் கூண்டுகளில் ஏற்றுகிறார்கள், நான் தப்பான கூண்டில் வைத்துவிட்டேன். மிளகாய்த்தூளும் புளியும் என் புடவைகளும் அடுத்த தீவைப் பார்க்கப் போய்விட்டன. சான்றிதழ் கைப்பையில் இருந்தது, அதுவரைக்கும் நிம்மதி.

தம்பி கடலுக்குப் போயிருந்தான். மர்லேன்தான் அழைத்துப் போனாள். துறைமுகத்துக்கு நேர் மேலே சின்னக் கல்வீடு, நீலக் கதவு. வாசலுக்குக் கீழே தளதளவென்று தண்ணீர், படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணசந்தேன். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடலைக் காணோம்.

நிஜமாகவே காணோம். துறைமுகம் முழுக்கச் சேறு. படகுகள் ஒருக்களித்துப் படுத்துக்கிடந்தன. பாறைகள் எல்லாம் பாசியோடு வெளியே வந்து நின்றன. கடல் உள்வாங்கினால் என்ன அர்த்தம் என்று குருசுக்குப்பத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மர்லேனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். வழியில் பெஞ்சில் ஒரு கிழவரும் கிழவியும் உட்கார்ந்திருந்தார்கள். "ஓடுங்க! தண்ணி வருது, ஓடுங்க!" என்று தமிழில் கத்தினேன். அவர்கள் சிரித்த முகத்தோடு "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார்கள்.

சர்ச் வாசலில்தான் மர்லேனால் என்னை நிறுத்த முடிந்தது. "அண்ணி, அண்ணி, ஒண்ணுமில்ல. தினம் ரெண்டு வாட்டி இப்படித்தான் போவும். சாய்ந்தரம் வந்துரும்" என்றாள். எங்கள் ஊரில் ஓதம் ஏறி இறங்குவது முழங்கால் அளவு இருந்தால் அதிகம். அங்கே மூன்று ஆள் உயரம் ஏறி இறங்குகிறது. நானும் சிரித்தேன், ஆனால் அரை மணி நேரம் சர்ச் வாசலை விட்டு இறங்கவில்லை. சொன்னபடியே சாயங்காலம் கடல் திரும்பி வந்தது, அதன்மேல் தம்பியின் படகும் வந்தது. அதற்குள் துறைமுகத்தில் விஷயம் பரவியிருந்தது. "நீ வந்து ஒரு நாள்கூட ஆவல, ஊரையே காலி பண்ணப் பாத்தியாமே" என்றான் தம்பி. கறுத்து, நன்றாக உடம்பு வைத்திருந்தான். கிடங்கு நாட்களில் அவன் அனுப்பிய போட்டோக்களில் இந்தச் சிரிப்பு இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தீவைச் சுற்றினேன். மரம் அதிகமில்லை, காற்று நிற்க விடுவதில்லை. மேற்குப் பக்கம் முழுக்கக் கரும்பாறை, கடல் அதில் மோதி வெள்ளையாக மேலே வருகிறது. எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய பாறை மாதிரி இல்லை, அங்கேயே முளைத்த பாறை. சர்ச்சுக்குள் விட்டத்திலிருந்து ஒரு சின்ன மரக்கப்பலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடலில் பிழைத்து வந்தவர்கள் செய்த வேண்டுதலாம். சுவரில் பிழைத்து வராதவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் நாலைந்து வரிசை. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் மர்லேன் கடைக்கு அழைத்துப் போனாள். கறுப்பு மாவில் பெரிய தோசை, நடுவில் முட்டை, நாலு பக்கமும் மடித்துத் தட்டில் வைத்தார்கள். கேழ்வரகு தோசை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன், கிட்டத்தட்ட சரியாகத்தான் இருந்தது. சட்னிதான் இல்லை. வெண்ணெயில் உப்புப் போடுகிறார்கள், அதற்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நண்டை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஒரு வெள்ளைக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அத்தனை பெரிய நண்டுக்குச் செய்கிற துரோகம் அது. நல்லவேளை, அன்று சாயங்காலக் கப்பலில் பெட்டி வந்துவிட்டது. கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். மர்லேன் மூக்கில் தண்ணீர் வடிய மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் தம்பி, "நாளைக்கு நீயும் வாக்கா, படகுல. முசியே எர்வேவே கூப்பிட்டாரு" என்றான்.

"பொம்பளைய படகுல ஏத்துவாரா?"

"இங்க அதெல்லாம் பாக்கறதில்லக்கா."

அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

புதன்கிழமை விடிய, துறைமுகத்தில் முசியே எர்வேயைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். முகம் முழுக்கச் சுருக்கம், வாயில் வார்த்தை கிடையாது. நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். அவர் என் வெறுங்காலைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். அதில் என் இரண்டு காலையும் ஒன்றிலேயே விட்டிருக்கலாம்.

நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கடலடியில் கூண்டுகள் போட்டிருப்பார்கள். அதை இழுத்து, எடுத்துக்கொண்டு, புது இரை வைத்து மறுபடி இறக்க வேண்டும். அதற்காகப் போய்க்கொண்டிருந்தோம். அவர் முன்னால் சுக்கான் அறைக்குள் நின்று படகை ஓட்டினார். தம்பி பின்னால் இரைக்கு மீன் நறுக்கிக்கொண்டிருந்தான். கடல் அமைதியாக இருந்தது. எனக்கு வாந்தி வரவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் யாருக்காவது எதையாவது தின்னக் கொடுக்க வேண்டும் எனக்கு. பையில் மர்லேன் வைத்துக்கொடுத்த ரொட்டி இருந்தது.

இங்கே கொஞ்சம் பிரெஞ்சுப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பத்தாவது வரை நானும் பிரெஞ்சு படித்தவள். ரொட்டிக்கு அதில் ‘பேன்’ என்று பெயர். எங்கள் வகுப்பே தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கும். அந்த மொழியில் எல்லாப் பொருளும் ஆண் அல்லது பெண். ஆண் என்றால் முன்னால் ‘லு’, பெண் என்றால் ‘லா’. படகு ஆண், கடல் பெண், மேசை பெண். தமிழில் எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்ட நமக்கு இது எப்படி நினைவிருக்கும்? ஆளுக்கு வயிறு நிறையப் போடுவது நிச்சயம் பொம்பளையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, ரொட்டியைத் தூக்கிக் காட்டி, சுக்கான் அறையைப் பார்த்துச் சத்தமாக, இலக்கண சுத்தமாக என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்: "முசியே, லா பேன் வேணுமா?"

தம்பியின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. முசியே எர்வே திரும்பி என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். தம்பி எழுந்து சுக்கான் அறைக்குள் போனான். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படகு பெரிதாக வளைந்து திரும்பியது. ஒரு கூண்டுகூட எடுக்காமல் தீவுக்குத் திரும்பி வந்தோம். முசியே எர்வே கயிற்றைக் கட்டினார், மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

"என்னாடா ஆச்சு?" என்றேன்.

"நீ என்னா சொன்னேன்னு தெரியுமாக்கா? முயல் வேணுமான்னு கேட்ட."

‘லு பேன்’ என்றால் ரொட்டி. ‘லாப்பேன்’ என்று ஒரே வார்த்தையாக ஒன்று இருக்கிறது, அதற்கு முயல் என்று அர்த்தம். நான் படித்த பத்தாவதில் முயல் வரவில்லை. அந்தக் கரையில் படகில் ஏறியவன் வாயில் முயல் என்ற வார்த்தை வரவே கூடாதாம். அந்தக் காலத்து மரக்கப்பல்களில் கறிக்காகக் கொண்டுபோன முயல்கள் கயிற்றையும் கட்டையையும் கடித்துவைத்துக் கப்பலையே மூழ்கடித்துவிடுமாம். சொல்லியே ஆகவேண்டும் என்றால் ‘நீளக்காதன்’ என்பார்களாம். வீட்டில் மர்லேன் இதை விளக்கிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு நாள் மீன்பாடு போச்சு. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்குது" என்றான். "இனிமே எங்க வெச்சிக்கப் போறாரு."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சான்றிதழ் என் கைப்பையிலேயே இருந்தது. அதைப் பற்றிப் பேசக்கூட எனக்கு வாய் வரவில்லை. வாயால் கெட்டது போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை காற்று. எந்தப் படகும் போகவில்லை. தம்பி "நீ ஒண்ணும் பேச வாணாம், சும்மா இரு" என்று சொல்லியிருந்தான். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை. மர்லேன் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பியபோது அவளோடு கிளம்பி, நேரே துறைமுகக் கொட்டகைக்குப் போனேன். முசியே எர்வே உடைந்த கூண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். "நான் சொல்றத அப்படியே சொல்லு, உன் இஷ்டத்துக்குக் கொறைக்காத" என்று மர்லேனிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

"நானும் கடற்காரன் பொண்ணுதான். எங்க ஊர்ல கடலுக்குக் கிளம்பறவன ‘எங்க போற’ன்னு கேக்கக்கூடாது. எட்டு வயசுல எங்கப்பாவ நான் கேட்டுட்டேன். எங்கம்மா முதுகுல வெச்சா ஒண்ணு. எங்கப்பா துடுப்ப அப்படியே சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அதனால நீங்க திரும்புனதுல எனக்குக் கோவமே இல்ல. தப்பு எம்மேல. என் தம்பிமேல இல்ல."

மர்லேன் குறைக்காமல் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன், ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் கூண்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்து உன் அப்பா என்ன செய்தார்?" என்று கேட்டார்.

"தூங்குனாரு."

"விவரமான ஆள்" என்றார். அப்புறம் தலையை நிமிர்த்தி, விரலை நீட்டி, "லு பேன்" என்றார். நான் "லு பேன்" என்றேன். "லு" என்றார். "லு" என்றேன். பத்துத் தடவை சொல்லவைத்தார். ஒன்றாம் வகுப்பில்கூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை. கடைசியில் மர்லேனிடம் ஏதோ சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

"நாளைக்கு நீங்களும் வரணுமாம், அண்ணி. அந்த வார்த்தயக் கொண்டாந்தவங்களே கூடப் போயி, நல்லபடியா திரும்பி வந்தாதான் அது படக விட்டுப் போவுமாம்."

வேலையைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை கடலில் நான் வாயைத் திறக்கவில்லை. பசிக்கிறதா என்று தம்பி சைகையில் கேட்டான், சைகையில் இல்லை என்றேன். முதல் கூண்டு காலி. இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை, ஒரு நட்சத்திர மீன் தவிர. மூன்றாவதில் இரண்டு நண்டு. அப்புறம் ஏறியும் இறங்கியும் வந்தது. நீல நிறத்தில் ஒரு சிங்கி இறால் வந்தது. நம் சிங்கி இறாலுக்கு இல்லாத இரண்டு பெரிய கொடுக்குகள் அதற்கு, வந்த வேகத்தில் தம்பியின் கையுறையைப் பிடித்துக்கொண்டது. அவன் அதைத் தட்டிக் கழற்றி, கொடுக்குக்கு ரப்பர் போட்ட வேகத்தைப் பார்த்தேன். கயிறு வரும்போது ஒதுங்குகிறான், கூண்டு வரும்போது முன்னால் நிற்கிறான், அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த இரை தயார். அப்பாவோடு போய்வந்தவனை நான் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கடலில் அவன் எப்படி இருப்பான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இவனையா திரும்பச் சுவருக்குள் அனுப்பப் போகிறோம் என்று பயமாகவும் இருந்தது.

மீன்பாடு சுமார்தான். மத்தியானம் திரும்பினோம். துறையில் மர்லேன் நின்றுகொண்டிருந்தாள். நான் இறங்கியதும் முசியே எர்வே அவளிடம், "திங்கட்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு வரச்சொல். பெயரைப் பதிய வேண்டும்" என்றார். மர்லேன் சொன்னதும் எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை சொல்லவைத்தேன். "இன்னிக்கி அவ்ளோ ஒண்ணும் மாட்டலயே, அப்புறம் எப்படி?" என்று கேட்கச் சொன்னேன்.

அவர் அந்த வாரம் முழுக்கப் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினார். மர்லேன் எனக்குச் சொன்னாள்: "இதுக்கு முன்னாடி அவருகிட்ட நாலு பசங்க வேல பாத்தாங்களாம். அந்த வார்த்தையச் சொன்னா எல்லாம் சிரிப்பாங்களாம், வேணும்னே சொல்லுவாங்களாம். அன்னிக்கி அவரு பேசாம கூண்டெடுக்கப் போயிடலாம்னுதான் இருந்தாராம். விருந்தாளி, தெரியாம சொல்லிட்டாங்கன்னு. இவருதான் உள்ள வந்து, ‘மொதலாளி, திரும்பிடலாம், எனக்கு வேல போனாலும் பரவால்ல’ன்னாராம். கடலுக்குப் பயப்படத் தெரிஞ்சவன் இவன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாராம்."

"அன்னிக்கே முடிவு பண்ணா அன்னிக்கே சொல்றதுக்கு என்னவாம்?"

மர்லேன் கேட்டாள். "வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றுதானே சொல்லியிருந்தேன். இன்றுதானே வெள்ளிக்கிழமை" என்றார்.

தம்பி படகில் குனிந்து தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் மறுபடி படகில் ஏறி அவனிடம் போனேன்.

"ஏண்டா, படகத் திருப்பச் சொன்னது நீதானா? ரெண்டு நாளா அவருதான்னு நெனச்சிக்கினு இருந்தேனே. இந்த முயல் கதையெல்லாம் நம்பறியா நீ?"

அவன் நிமிரவில்லை. துடைப்பத்தை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கதைய மூணு மாசமாக் கேக்கறேன், எனக்கொண்ணும் அவ்ளோ நம்பிக்க இல்லக்கா. நான் மட்டும்னா போயிருப்பேன்" என்றான். "நீ படகுல இருந்தியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல நாளில் அழக்கூடாது என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன், அப்புறம் அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதேன். அவன் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

கரையிலிருந்து முசியே எர்வே, என்ன சொல்கிறான், என்ன நடக்கிறது அங்கே என்று மர்லேனிடம் கேட்டார். மர்லேனுக்கு நாங்கள் பேசியது காதில் விழுந்திருந்தது. நம்பிக்கை இல்லை என்றதைச் சொல்லட்டுமா என்று என்னைப் பார்த்தாள்.

"படகு கழுவ இன்னும் ரெண்டு வாளி தண்ணி வேணுமாம்னு சொல்லு" என்றேன்.